கோல் கணக்கும் ஏட்டுக் கணக்கும்

ஐந்து கோடி பவுண்டுக்கு ஒரு வீரரை வாங்குகிறது ஒரு கால்பந்து கிளப். ஐந்தாண்டு ஒப்பந்தம். மூன்று ஆண்டுகள் ஆடுகிறார். பிறகு அவரை மூன்று கோடிக்கு விற்றுவிடுகிறார்கள். லாபமா, நஷ்டமா? ‘இரண்டு கோடி போச்சு’ என்று தலையில் கைவைப்பார் ரசிகர். கிளப்பின் கணக்காளரோ, அந்த ஆண்டு ஏட்டில் ஒரு கோடி பவுண்டு லாபம் என்று எழுதுவார். இரண்டு பேர் சொல்வதும் சரிதான். இங்கிலாந்தின் பிரீமியர் லீக் ரசிகர்கள் சில ஆண்டுகளாக ஆஃப்சைடு, பெனால்டி பற்றிச் சண்டை போடும் அதே வேகத்தோடு இந்த ஏட்டுக் கணக்கைப் பற்றியும் சண்டை போடுகிறார்கள். காரணம் இருக்கிறது. மைதானத்தில் உழைத்துச் சேர்த்த புள்ளிகளை இந்தக் கணக்கு பறித்துக்கொண்டு போயிருக்கிறது.

முதலில், கிளப் எதை வாங்குகிறது? மனிதரை யாரும் வாங்க முடியாது. வாங்குவது அவருடைய பதிவு உரிமையை. ஒப்பந்தம் முடியும்வரை அவர் எங்களுக்கு மட்டுமே ஆடுவார் என்கிற உரிமை அது. தொட்டுப் பார்க்க முடியாத சொத்து. நாளாக நாளாகக் கரையும் சொத்து. நாமக்கல்லில் புது லாரி எடுப்பவர் அதன் முழு விலையையும் முதல் ஆண்டுச் செலவாக எழுதுவதில்லை. வண்டி ஓடப்போகிற ஆண்டுகளுக்குப் பிரித்து, ஆண்டுக்கு இவ்வளவு தேய்மானம் என்று எழுதுவார். வீரருக்கும் அதே முறைதான். கணக்கியலில் இதை அமார்ட்டைசேஷன் என்பார்கள். நாம் தவணைத் தேய்மானம் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து கோடி, ஐந்தாண்டு என்றால் ஆண்டுக்கு ஒரு கோடி செலவு. மூன்று ஆண்டு கழிந்ததும் ஏட்டில் அவருக்கு மிஞ்சியிருக்கும் மதிப்பு இரண்டு கோடி. அவர் மூன்று கோடிக்குப் போனால், ஒரு கோடி லாபம்.

இதில் ஒரு நுணுக்கத்தைக் கவனியுங்கள். வாங்கும்போது செலவு பல ஆண்டுகளுக்குப் பரவுகிறது. விற்கும்போது வருகிற லாபமோ ஒரே ஆண்டில், ஒரே வரியில், மொத்தமாக ஏறுகிறது. பணம் தவணையில் வந்தாலும் சரி, லாபம் இன்றே வந்ததாகத்தான் கணக்கு. பின்னால் நடந்த அத்தனை விநோதங்களுக்கும் விதை இந்த இடத்தில்தான் விழுந்தது.

இந்த ஏடுகளை ஏன் ஒருவர் எட்டிப் பார்க்க வேண்டும்? போர்ட்ஸ்மத் கிளப்பின் கதை அதற்கு விடை. 2008இல் எஃப்.ஏ. கோப்பையை வென்ற அணி. வருமானத்துக்குப் பொருந்தாத சம்பளங்கள், கைமாறிக்கொண்டே இருந்த உரிமையாளர்கள். 2010 பிப்ரவரியில் திவால் நிர்வாகத்தின் கீழ் போனது. பிரீமியர் லீக்கில் விளையாடிக்கொண்டிருக்கும்போதே அந்தக் கதிக்கு ஆளான முதல் கிளப் அதுதான். ஒன்பது புள்ளிகள் பறிபோயின. கடன்காரர்களின் பட்டியலை நிர்வாகிகள் வெளியிட்டபோது, மைதானத்தில் மயங்கி விழுபவர்களுக்கு முதலுதவி செய்யும் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் என்ற தொண்டு நிறுவனத்தின் பெயரும் அதில் இருந்தது. ஆனால் லீக் விதிப்படி, வீரர்களின் சம்பள பாக்கியும் மற்ற கிளப்களுக்கான பாக்கியும் முழுதாகத் தீர்க்கப்பட வேண்டும். மற்றவர்களுக்கு மிஞ்சியதில் ஒரு பங்குதான். கோடீஸ்வர வீரருக்கு முழுப்பணம், முதலுதவிக்காரருக்குச் சில்லறை! 2013க்குள் போர்ட்ஸ்மத் நான்காம் தட்டுக்குச் சரிந்தது. கடைசியில் ரசிகர்களே பணம் திரட்டி அதை வாங்கிக் காப்பாற்றினார்கள்.

பரி கிளப்புக்கு அந்த அதிர்ஷ்டமும் இல்லை. 1885இல் தொடங்கிய, இரண்டு முறை எஃப்.ஏ. கோப்பையை வென்ற அந்தக் கிளப், பணம் இல்லாததால் 2019 ஆகஸ்ட்டில் லீக்கிலிருந்தே நீக்கப்பட்டது.

இப்படிப்பட்ட சாவுகளைத் தடுக்கத்தான் விதி வந்தது. ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமான யூஈஎஃப்ஏ 2010இல் தன் நிதி ஒழுங்கு விதிகளை அங்கீகரித்தது. பிரீமியர் லீக் 2013இல் தனக்கென்று ஒன்றை வகுத்தது. லாபம் மற்றும் நிலைத்தன்மை விதி என்பது அதன் பெயர். ஆங்கில முதலெழுத்துகளால் ‘பிஎஸ்ஆர்’ என்பார்கள். ஒரு கிளப் மூன்று ஆண்டுகளில் மொத்தம் 10.5 கோடி பவுண்டுவரை நஷ்டப்படலாம். நம் கணக்கில் ஏறக்குறைய 1,200 கோடி ரூபாய். அதில் 1.5 கோடிக்கு மேற்பட்ட நஷ்டத்தை, கடனாக இல்லாமல், திரும்பக் கேட்காத மூலதனமாக உரிமையாளரே போட்டு அடைக்க வேண்டும். எல்லாச் செலவும் கணக்கில் சேராது என்பதுதான் இதில் அழகான பகுதி. சிறுவர் அகாடமி, பெண்கள் அணி, ஊர்ப் பணிகள், மைதானக் கட்டுமானம் ஆகியவற்றுக்கு எவ்வளவு செலவழித்தாலும் கழித்துக்கொள்ளலாம். நல்ல காரியத்துக்குச் செலவழிப்பவரைத் தண்டிக்கக் கூடாது என்ற எண்ணம் இது. செய்தித்தாளில் வரும் நஷ்டமும் விதி பார்க்கும் நஷ்டமும் வேறுவேறாக இருப்பதற்கு இதுவே காரணம்.

விதி ஒன்று இருந்தால் அதன் விளிம்பை அளந்து பார்ப்பவர் ஒருவர் வருவார். 2022இல் செல்சி கிளப்பை ஓர் அமெரிக்கக் குழு வாங்கியது. அடுத்த பருவத்தில் வீரர்களுக்காக 50 கோடி பவுண்டுக்கும் மேல் இறைத்தது. எப்படி முடிந்தது என்று ரசிகர்கள் வாய்பிளந்தார்கள். ரகசியம் ஒப்பந்தத்தின் நீளத்தில் இருந்தது. 2023 ஜனவரியில் அர்ஜென்டினாவின் என்சோ பெர்னாண்டஸை ஏறத்தாழ 10.7 கோடி பவுண்டுக்கு வாங்கி, எட்டரை ஆண்டு ஒப்பந்தம் போட்டார்கள். எட்டரையால் வகுத்தால் ஆண்டுச் செலவு 1.26 கோடிதான். வழக்கமான ஐந்தாண்டு ஒப்பந்தமாக இருந்தால் 2.14 கோடி ஆகியிருக்கும். ஒரே கையெழுத்தில், ஆண்டுக்கு 88 லட்சம் பவுண்டு கண்ணிலிருந்து மறைந்தது. உக்ரைனின் முத்ரிக்குக்கும் அதே எட்டரை ஆண்டு. பணம் குறையவில்லை, காலம்தான் இழுக்கப்பட்டது. அப்படி வாங்கிய வீரர் சோபிக்காமல் போனால், அவருடைய ஏட்டு மதிப்பு மெதுவாகத்தான் இறங்கும், நஷ்டம் காட்டாமல் குறைந்த விலைக்கு விற்கவும் முடியாது என்பது இந்தத் தந்திரத்தின் மறுபக்கம். யூஈஎஃப்ஏ அந்தக் கோடையிலேயே கதவைச் சாத்தியது. ஒப்பந்தம் எத்தனை ஆண்டு வேண்டுமானாலும் இருக்கட்டும், தேய்மானத்தை ஐந்து ஆண்டுக்கு மேல் பிரிக்கக் கூடாது என்றது. பிரீமியர் லீக்கும் அதே 2023 டிசம்பரில் பின்தொடர்ந்தது.

இந்தக் கணக்கில் எனக்கு மிகவும் வியப்பாகவும், சொல்லப்போனால் மிகவும் வேதனையாகவும் இருப்பது ஒரு பூஜ்யம். எட்டு வயதில் கிளப்பின் அகாடமிக்கு வந்து, அங்கேயே வளர்ந்து, முதல் அணிக்கு ஆடும் பையனுக்கு ஏட்டில் என்ன மதிப்பு? பூஜ்யம். அவரை யாரிடமும் விலை கொடுத்து வாங்கவில்லையே! ஆகவே அவரை விற்றால் வருகிற தொகை அத்தனையும், ஒரு பைசா கழியாமல், லாபம். வெளியிலிருந்து 3.5 கோடிக்கு வாங்கிய ஒருவரை மறுநாளே அதே விலைக்கு விற்றால் லாபம் எதுவும் இல்லை. உள்ளூர்ப் பையனை அந்த விலைக்கு விற்றால் 3.5 கோடியும் லாபம்.

எலியட் ஆண்டர்சன் அப்படிப்பட்ட ஒரு பையன். நியூகாசிலை ஒட்டிய விட்லி பே என்ற கடலோர ஊர்க்காரர். எட்டு வயதில் நியூகாசில் யுனைடெட் அகாடமியில் சேர்ந்தார். அவருடைய தாத்தா ஜெஃப் ஆலன் 1960களில் அதே கிளப்புக்கு ஆடியவர். பேரன் அதே கறுப்பு வெள்ளைச் சட்டை போட்டு இறங்கியதை ஊரே கொண்டாடியது. நியூகாசிலுக்குப் பணத்துக்கா பஞ்சம்? 2021 அக்டோபரில் அதன் 80 விழுக்காட்டை வாங்கியது சவூதி அரசின் முதலீட்டு நிதியம். உலகின் மிகப் பெரிய பணப்பைகளில் ஒன்று. ஆனால் 2024 ஜூன் மாதக் கடைசியில் கிளப்பின் ஏட்டில் பள்ளம் விழுந்திருந்தது. நிதியாண்டு ஜூன் 30 நள்ளிரவில் முடிகிறது. உரிமையாளர் நினைத்தால் அந்தப் பள்ளத்தை ஒரு காலை நேரத்தில் நிரப்பிவிடலாம்; விதி அனுமதிக்காது. ஆண்டர்சன் 3.5 கோடி பவுண்டு விலைக்கு நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் கிளப்புக்குப் போனார். ஃபாரஸ்ட்டிலிருந்து கோல்கீப்பர் விளாகோதிமோஸ் 2 கோடி விலையில் நியூகாசிலுக்கு வந்தார். வந்தவர் ஆடிய நிமிடங்கள் மிகச் சொற்பம். போனவர் 2025 செப்டம்பரில் இங்கிலாந்து அணிக்கு ஆடினார்.

அதே மாதத்தில் செல்சி, ஆஸ்டன் வில்லா, எவர்ட்டன் ஆகியவற்றுக்கு இடையிலும் இளம் வீரர்கள் குறுக்கும் நெடுக்குமாகப் போனார்கள். செல்சியின் அகாடமியில் வளர்ந்த மாட்சன் 3.75 கோடிக்கு வில்லாவுக்கு. வில்லாவின் கெல்லிமன் 1.9 கோடிக்குச் செல்சிக்கு. வில்லாவிலிருந்து இரோயெக்புனம் எவர்ட்டனுக்கு. எவர்ட்டனிலிருந்து டாபின் வில்லாவுக்கு. முன்னே சொன்ன நுணுக்கத்தை இங்கே பொருத்திப் பாருங்கள். இரண்டு கிளப்கள் ஆளுக்கு ஒரு இளைஞரை ஏறக்குறைய ஒரே விலைக்கு மாற்றிக்கொண்டால் கையில் பணம் நகர்வதே இல்லை. ஆனால் விற்ற லாபம் இருவருக்கும் இந்த ஆண்டே முழுதாக ஏறும். வாங்கிய செலவு ஐந்து ஆண்டுக்குப் பரவும். இரண்டு ஏடுகளும் ஒரே நாளில் செழித்துவிடும்.

நாள் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட்டே உதாரணம். 23 ஆண்டுகள் கழித்து 2022இல் பிரீமியர் லீக்குக்குத் திரும்பிய அணி, ஒரே கோடையில் 20க்கும் மேற்பட்ட வீரர்களைச் சேர்த்தது. அதற்கு அனுமதித்த நஷ்டம் 10.5 கோடி அல்ல, 6.1 கோடிதான். கீழ்த் தட்டில் இருந்த இரண்டு ஆண்டுகளுக்குத் தலா 1.3 கோடி, மேலே வந்த ஓராண்டுக்கு 3.5 கோடி. கூட்டிப் பார்த்தால் 6.1 வரும். ஃபாரஸ்ட் அதைவிட 3.45 கோடி தாண்டியிருந்தது. கையில் பிரென்னன் ஜான்சன் என்ற அகாடமிப் பையன் இருந்தார். ஜூன் 30க்குள் குறைந்த விலைக்குத் தள்ளிவிட மனமில்லாமல் காத்திருந்து, 2023 செப்டம்பர் 1 அன்று 4.75 கோடிக்கு டாட்டன்ஹாமுக்கு விற்றார்கள். பொறுத்திருந்து நல்ல விலைக்கு விற்பதுதானே புத்திசாலித்தனம் என்று வாதாடினார்கள். இரண்டு மாதம் தாமதம் என்றாலும் அது அடுத்த ஆண்டுக் கணக்கு என்றது வழக்கை விசாரித்த ஆணையம். நான்கு புள்ளிகள் போயின. நல்லவேளையாக 32 புள்ளிகளோடு அவர்கள் லீக்கில் தப்பித்தார்கள்.

எவர்ட்டனுக்கு அடி இன்னும் பலம். எல்லையை 1.95 கோடி தாண்டியதற்காக 2023 நவம்பரில் பத்துப் புள்ளிகள் கழித்தார்கள். லீக் வரலாற்றில் அதுவரை இல்லாத தண்டனை. 1954 முதல் முதல் தட்டை விட்டு இறங்காத கிளப் அது. அடுத்த ஆட்டத்தில் அதன் மைதானமான கூடிசன் பார்க் முழுக்க, லீக்கின் சின்னத்தோடு ‘ஊழல்’ என்று அச்சிட்ட இளஞ்சிவப்பு அட்டைகள் உயர்ந்தன. மேல்முறையீட்டில் பத்து ஆறாகக் குறைந்தது. 2024 ஏப்ரலில் இன்னொரு மீறலுக்காக இரண்டு புள்ளிகள் கூடுதலாகப் போயின. அந்தக் கோபத்துக்கு நியாயம் உண்டு. எவர்ட்டன் அப்போது சொந்தச் செலவில் புது மைதானம் கட்டிக்கொண்டிருந்தது. கட்டுமானச் செலவு விலக்கு. ஆனால் அதற்காக வாங்கிய கடனின் வட்டியில் எவ்வளவு விலக்கு என்பதில்தான் வழக்கின் ஒரு பகுதியே சுழன்றது. மைதானத்தின் புல்லில் அல்ல, வட்டியின் வகைப்பாட்டில் புள்ளிகள் ஊசலாடின.

இன்னொரு பக்கம், அதே லீக்கில் செல்சி தன் மைதானத்தை ஒட்டிய இரண்டு ஹோட்டல்களை 7.65 கோடி பவுண்டுக்கு விற்றது. யாருக்கு? தன்னுடைய சகோதர நிறுவனத்துக்கு. அதற்கு அடுத்த ஆண்டு தன் பெண்கள் அணியையும் ஏறக்குறைய 20 கோடிக்கு அப்படியே விற்றது. ஒரே குடும்பத்துக்குள் ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்குப் பணம் மாறியது. ஏட்டில் லாபம் பிறந்தது. இந்த வழியை அடைக்கலாமா என்று 2024 ஜூனில் லீக்கின் கிளப்களிடையே வாக்கெடுப்பு நடந்தது. விதியை மாற்ற 14 வாக்குகள் தேவை, கிடைக்கவில்லை. யூஈஎஃப்ஏ மட்டும் இந்த விற்பனைகளை ஏற்கவில்லை. 2025 ஜூலையில் தன் நிதி விதிகளை மீறியதற்காகச் செல்சிக்கு 3.1 கோடி யூரோ அபராதம் விதித்தது. ஒரே கிளப், ஒரே ஆண்டு. ஒரு புத்தகத்தில் தேர்ச்சி, இன்னொன்றில் தோல்வி.

இங்கிலாந்தில் தப்பு நடந்த பிறகு தண்டிக்கிறார்கள். ஸ்பெயினில் முன்கூட்டியே தடுக்கிறார்கள். அங்குள்ள லீக்கான லா லிகா ஒவ்வொரு கிளப்புக்கும் பருவம் தொடங்கும் முன்பே சம்பள உச்சவரம்பு குறித்துக்கொடுக்கும். அதைத் தாண்டினால் வீரரைப் பதிவே செய்ய முடியாது. பதிவு இல்லாவிட்டால் ஆட முடியாது. 2021 ஆகஸ்ட் 5 அன்று பார்சிலோனா மெஸ்ஸியை இழந்தது இதனால்தான். 13 வயதில் வந்து இருபதாண்டுக்கு மேல் அங்கேயே இருந்தவர். சம்பளத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளவும் சம்மதித்தவர். ஆனால் அவரே இல்லாமல்கூட சம்பளச் செலவு வருமானத்தில் 95 விழுக்காடு என்று கிளப் தலைவர் லபோர்ட்டா அறிவித்தார். உலகின் மிகச் சிறந்த ஆட்டக்காரரை ஒரு எதிரணி அல்ல, ஒரு விகிதக் கணக்கு வெளியேற்றியது. அந்த விதி கொடூரமாகத் தெரியலாம். ஆனால் புள்ளியைப் பறித்து, மேல்முறையீடு செய்து, பருவத்தின் நடுவில் பட்டியலைத் திருத்தும் குழப்பம் அங்கே இல்லை. இந்த முறையே நேர்மையானது என்பது என் எண்ணம்.

ரசிகர்களின் வாதத்துக்கு வருவோம். நியூகாசில், ஆஸ்டன் வில்லா ரசிகர்கள் சொல்வது இது: எங்கள் உரிமையாளர் தன் பணத்தைப் போட ஆசைப்படுகிறார், கடன் வாங்கவில்லை, பிறகு யாரைக் காப்பாற்ற இந்த விதி? செல்சியும் மான்செஸ்டர் சிட்டியும் விதி இறுகும் முன்பே கொட்டி மேலே ஏறிவிட்டன. இப்போது ஏணியை இழுத்துக்கொண்டால் எப்படி? இன்னொரு கூர்மையான வாதமும் உண்டு. 10.5 கோடி என்ற எல்லை 2013இல் வைத்தது; இன்றுவரை மாறவில்லை. அன்று பிரீமியர் லீக் கிளப் ஒன்று ஒரு வீரருக்குக் கொடுத்த அதிகபட்ச விலை, டாரஸுக்காக 5 கோடி. 2025 செப்டம்பரில் லிவர்பூல் நியூகாசிலின் இசாக்குக்குக் கொடுத்தது 12.5 கோடி. விலைவாசி ஏறியது, வரம்பு நின்ற இடத்தில் நிற்கிறது.

மறுதரப்பின் பதிலும் வலுவானது. பணக்கார உரிமையாளர் அன்பாக இருக்கும்வரைதான் கிளப்புக்குச் சோறு. 2022இல் ரஷ்யா உக்ரைனுக்குள் புகுந்ததும், செல்சியின் அன்றைய உரிமையாளர் ரோமன் அப்ரமோவிச்சின் சொத்துகளை பிரிட்டிஷ் அரசு முடக்கியது. ஐரோப்பாவின் சாம்பியனாக இருந்த கிளப், சில வாரங்கள் புது டிக்கெட் விற்கக்கூட அனுமதியில்லாமல் நின்றது. ஒருவருடைய பையை நம்பி நூற்றாண்டுக் கிளப்பை நடத்துவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

இப்போது கணக்கின் வடிவமே மாறுகிறது. 2026-27 பருவம் முதல் பிரீமியர் லீக் நஷ்டத்தை விட்டுவிட்டு, அணிச் செலவு விகிதத்தைப் பார்க்கப்போகிறது. 2025 நவம்பரில் 14 கிளப்கள் ஆதரித்து, 6 எதிர்த்து நிறைவேறிய முடிவு இது. வீரர்கள், தலைமைப் பயிற்சியாளர் ஆகியோரின் சம்பளம், தவணைத் தேய்மானம், ஏஜென்டுகளின் கமிஷன் எல்லாம் சேர்த்து, கால்பந்து வருமானத்திலும் வீரர் விற்பனை லாபத்திலும் 85 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. யூஈஎஃப்ஏ ஏற்கெனவே இதே வகை விதியை 90, 80 என்று ஆண்டுக்காண்டு இறுக்கி 70க்குக் கொண்டுவந்துவிட்டது. ஐரோப்பியப் போட்டிக்குப் போகும் கிளப்கள் இரண்டு வரம்புக்கும் பதில் சொல்ல வேண்டும். ஹோட்டல் விற்ற பணம் கால்பந்து வருமானம் ஆகாது என்பதால் அந்த வாசல் மூடுகிறது. நல்லது.

ஆனால் விகிதம் என்பது பெரியவருக்குப் பெரிதாகவே அளக்கும். மான்செஸ்டர் யுனைடெட்டின் 2024-25 வருமானம் சுமார் 66.7 கோடி பவுண்டு. அதில் 85 விழுக்காடு ஏறக்குறைய 56.7 கோடி. ஒரு சிறிய கிளப்பின் வருமானம் 17 கோடி என்று வைத்துக்கொண்டால் அதற்குக் கிடைப்பது 14.5 கோடிக்கும் குறைவு. விகிதம் ஒன்று, இடைவெளி 40 கோடிக்கு மேல். உச்சியில் இருப்பவர் செலவழிக்கும் தொகையைக் கடைசி அணியின் தொலைக்காட்சிப் பங்கோடு கட்டிப்போடும் ஒரு திட்டமும் அதே நாளில் வாக்குக்கு வந்தது. வீரர்கள் சங்கம் எதிர்த்த அந்தத் திட்டம் தோற்றது.

கட்டுப்பாடே வேண்டாம் என்பவர்கள் பக்கம் என்னால் நிற்க முடியாது. பரியும் போர்ட்ஸ்மத்தும் போதுமான பாடம். அதே சமயம், சொந்த ஊரில் வளர்த்த பையனுக்கு ஏட்டில் பூஜ்யம் எழுதி, அவரை விற்பவருக்கே அதிக லாபம் காட்டும் கணக்கு புதிய விதியிலும் தொடர்கிறது. அகாடமியை வளர்க்கச் செலவழிப்பதை விதி ஊக்குவிக்கிறது. வளர்ந்தவரை விற்கவும் அதே விதி தூண்டுகிறது. தீர்வு கடினமானதல்ல. அகாடமி வீரரை விற்ற லாபத்தில் ஒரு பகுதியைத்தான் வரவாகச் சேர்க்கலாம் என்று வைக்கலாம். அல்லது அவரைத் தக்கவைத்திருக்கும் கிளப்புக்கு, அவருடைய சம்பளத்தில் ஒரு பங்கைச் செலவுக் கணக்கிலிருந்து விலக்கலாம். விகிதத்தை 85 என்பதா 70 என்பதா என்று வாதாடும் கிளப்கள், அடுத்த முறை வாக்களிக்கக் கூடும்போது இந்தப் பூஜ்யத்தையும் மேசைக்குக் கொண்டுவர வேண்டும்.